தேவதைகளுக்குச் சம்பளம் எதற்கு? – ‘கோல் த மிட்வைஃப்’ தொடரை முன்வைத்து

“அந்தக் காலத்து நேர்ஸ்மாரைப் போல இப்ப ஆர் இருக்கினம்?”

பிரித்தானியாவில் வாழ்கிறவர்கள் இந்த வாக்கியத்தை ஏதாவதொரு வடிவில் கேட்டிருப்பார்கள். அவசர சிகிச்சைப் பிரிவில் இரவு முழுக்கக் காத்திருந்து வீடு திரும்பியவர் சொல்வார். காலை எட்டு மணிக்குத் தொலைபேசியை எடுத்து, குடும்ப வைத்தியரின் வரிசையில் இருபதாவது ஆளாக நின்று களைத்தவர் சொல்வார். ஈஸ்ட்ஹாமில் தமிழில் சொல்லப்படும், எசெக்ஸில் ஆங்கிலத்தில் சொல்லப்படும். சொல்கிறவரின் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அவர் குறிப்பிடும் ‘அந்தக் கால’த்தில் பெரும்பாலும் அவர் வாழ்ந்ததில்லை. அதைப் பார்த்திருக்கிறார். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு, பிபிசியில்.

‘கோல் த மிட்வைஃப்’ 2012 ஜனவரி 15 அன்று தொடங்கியது. ஜெனிபர் வேர்த் எழுதிய நினைவுக் குறிப்புகளை அடிப்படையாகக் கொண்டு ஹெய்டி தோமஸ் எழுதிய தொடர். 1957இல், கிழக்கு லண்டனின் பொப்லர் பகுதியில் கதை ஆரம்பிக்கிறது. துறைமுகத் தொழிலாளர் குடும்பங்கள் நெருக்கியடித்து வாழும் தெருக்கள். அங்கே அங்கிலிக்கன் அருட்சகோதரிகள் நடத்தும் நொனாட்டஸ் இல்லம். சகோதரிகளும் இளம் மருத்துவிச்சிகளும் சைக்கிளில் வீடுவீடாகப் போய்ப் பிள்ளைப்பேறு பார்க்கிறார்கள். முதல் பருவத்தையே வாரந்தோறும் ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் பார்த்தார்கள். பருவத்துக்கு ஓராண்டு என்ற கணக்கில் கதை நகர்ந்து 1970களுக்குள் வந்துவிட்டது. நத்தார் நாள் சிறப்பு அத்தியாயம் பல குடும்பங்களுக்கு வான்கோழிக்கு அடுத்த சடங்காகிவிட்டது.

பெண்கள் எழுதி, பெண்கள் மையமாக நின்று, பெண்ணுடலின் வலியையும் இரத்தத்தையும் நாட்டின் பிரதான நேரத்துக்குக் கொண்டுவந்த தொடர் இது. அந்தப் பெருமையை அதனிடமிருந்து பறிக்க நான் விரும்பவில்லை. பொலிஸ் தொடர்களில் பெண்ணுடல் பிணமாகத்தான் அதிகம் வருகிறது. இங்கே அது உயிரோடு, வியர்வையோடு, கத்தலோடு வருகிறது. இரண்டாம் பருவத்தில் நோரா என்றொரு தாய். ஏற்கெனவே வீடு கொள்ளாத பிள்ளைகள். இன்னொன்றைச் சுமக்க அவளால் முடியாது. சட்டம் இடம் தராத காலம் என்பதால் ஒளிவுமறைவான கருக்கலைப்புக்குப் போகிறாள், சாவின் விளிம்புவரை போய்த் திரும்புகிறாள். 1967இன் கருக்கலைப்புச் சட்டம் எதற்காக வேண்டியிருந்தது என்பதை அந்த ஓர் அத்தியாயம் பல சொற்பொழிவுகளைவிட நன்றாகச் சொல்லிவிடுகிறது. ஐந்தாம் பருவம் தலிடொமைட் மருந்தின் கதையை எடுத்தது. பிரித்தானியாவில் 1958 முதல் 1961 வரை கர்ப்பிணிகளின் குமட்டலுக்குக் கொடுக்கப்பட்ட அந்த மருந்தால் கைகால்கள் வளராமல் பிறந்த குழந்தைகளையும், அதை நம்பிக்கையோடு எழுதிக்கொடுத்த டொக்டர் டேர்னரின் குற்றவுணர்வையும் தொடர் தயங்காமல் காட்டியது. தாய்மாரின் முகத்தை விட்டுக் கமரா விலகவில்லை.

இத்தனையும் செய்த தொடர் ஒவ்வொரு வாரமும் எங்கே போய் முடிகிறது என்பதுதான் என் கேள்வி. வனெசா ரெட்கிரேவின் முதிர்ந்த குரல் எழும். அன்பைப் பற்றிச் சில வரிகள் சொல்லும். சைக்கிள்கள் தெருமுனையில் திரும்பும். பசி, நெரிசல் வீடு, குடிகாரக் கணவன், பிழையான மருந்து என எது வந்தாலும் கடைசியில் அதைத் தாங்குவது அன்புதான். கண்ணீரைத் துடைத்துக்கொண்டு எழும் பார்வையாளருக்கு ஒரு முடிவு கையில் கிடைக்கிறது: மருத்துவ சேவை என்பது நல்ல பெண்களின் நல்ல மனத்தால் ஆனது. அதன் மறுபக்கத்தையும் அவரே கண்டுபிடித்துக்கொள்கிறார். இன்று சேவை கெட்டுப்போயிருந்தால் பெண்களின் மனம் கெட்டுப்போயிருக்க வேண்டும். அந்தக் காலத்து நேர்ஸ்மாரைப் போல இப்ப ஆர் இருக்கினம்?

இந்தச் சேவை எப்படி வந்தது என்று பார்த்தால் அன்பைவிட வேறு சில சொற்கள் முன்னுக்கு வரும்.

1911இன் தேசியக் காப்புறுதிச் சட்டம் சம்பளம் பெறும் தொழிலாளருக்கு வைத்தியரைக் கொடுத்தது. அவர்களில் பெரும்பாலானோர் ஆண்கள். அவர்களின் மனைவிகளுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தக் காப்புறுதியில் வைத்தியர் இல்லை. வீட்டில் காசு இருந்தால் முதலில் பிள்ளைக்கு, மிஞ்சினால் தாய்க்கு, பெரும்பாலும் மிஞ்சாது. அதே சட்டம் மகப்பேற்றுக்கென முப்பது சில்லிங் உதவிப்பணம் வைத்தது. அதையும் கணவனின் கையில் கொடுத்தது. பெண்கள் கூட்டுறவுக் கழகம் இதற்கெதிராகப் போராடியது. பெரும்பாலும் தொழிலாளரின் மனைவிகளால் ஆன அமைப்பு அது. 1913இல் சட்டம் திருத்தப்பட்டு அந்தப் பணம் தாய்க்கே உரியது என்றாயிற்று. பிள்ளை பெற்றவளின் கையில் பிள்ளைப்பேற்றுப் பணம் என்ற இந்த எளிய விடயத்துக்கே ஒரு போராட்டம் வேண்டியிருந்தது.

1915இல் அதே கழகம் தன் உறுப்பினர்களிடமிருந்து வந்த 160 கடிதங்களைத் தொகுத்து நூலாக வெளியிட்டது. தொகுத்தவர் கழகத்தின் செயலாளர் மார்கரெட் லுவெலின் டேவிஸ். கருச்சிதைவு, இறந்து பிறந்த குழந்தை, பேறு கழிந்து உடம்பு தேறுமுன்னே தொடங்கும் வேலை, வைத்தியருக்குக் கொடுக்கக் காசில்லாத வெட்கம் என்று அப்பெண்கள் தங்கள் உடல்களின் வரலாற்றைத் தாங்களே எழுதினார்கள். யாருடைய கருணையையும் எதிர்பார்த்து அவர்கள் எழுதவில்லை. மகப்பேற்றுப் பராமரிப்பு அரசின் கடமை என்ற கோரிக்கைக்குச் சான்றாகவே எழுதினார்கள். 1936இன் மருத்துவிச்சிகள் சட்டம், சம்பளம் பெறும் மருத்துவிச்சிகளை வீடுகளுக்கு அனுப்பும் பொறுப்பை உள்ளூராட்சிகளின்மேல் வைத்தது. 1948 யூலை 5 அன்று என்.எச்.எஸ். எனப்படும் தேசிய சுகாதார சேவை தொடங்கியபோது அதுவரை காப்புறுதிக்கு வெளியே நின்ற மனைவிமார் வைத்தியரின் கதவைத் தட்டினார்கள். கருப்பை இறங்கிய நிலையிலும் ஆண்டுக்கணக்காக ஒருவரிடமும் காட்டாமல் வீட்டுவேலை செய்துகொண்டிருந்தவர்கள் அவர்களுக்குள் இருந்தார்கள்.

தொடர் 1957இல் தொடங்குவதால் இவையெல்லாம் ஏற்கெனவே நடந்து முடிந்துவிட்டன. பொப்லரில் என்.எச்.எஸ். மழையையும் பனியையும்போல இயற்கையாக இருக்கிறது. அதை ஒருவர் கேட்டுப் பெற்றார், இன்னொருவர் எதிர்த்தார் என்பதற்கான தடயம் குறைவு. பிந்தைய பருவங்களில் பணநெருக்கடியும் அதிகாரிகளோடு இழுபறியும் வராமலில்லை. அப்போதும் நம் கவலை அருட்சகோதரிகளின் முகங்களைப் பற்றியதாகவே இருக்கிறது. வரவுசெலவுத் திட்டத்தைப் பற்றி நாம் யோசிப்பதில்லை. நொனாட்டஸ் இல்லத்தின் அருட்சகோதரிகள் தமக்கெனச் சொத்து வைத்துக்கொள்ளாதவர்கள். உழைப்பையே வழிபாடாக ஏற்றவர்கள். அவர்களுடைய தெரிவு அது, மதிக்கவேண்டியது. ஆனால் அவர்களைத் தாதியத்தின் இலட்சிய உருவமாக வாரந்தோறும் முன்னிறுத்தும்போது, சம்பளம் கேட்கும் தாதி அந்த இலட்சியத்திலிருந்து ஒரு படி சறுக்கியவளாகத் தெரியத் தொடங்குகிறாள்.

தொடர் தொடங்கிய ஆண்டையும் கவனிக்க வேண்டும். 2012 ஜனவரியில் முதல் அத்தியாயம். அதே மார்ச்சில் டேவிட் கமரனின் கூட்டணி அரசு சுகாதார, சமூகப் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. இங்கிலாந்தின் என்.எச்.எஸ்.ஐ உடைத்துக் கட்டி, தனியார் நிறுவனங்களோடு போட்டியிட வைத்த சட்டம் அது. மருத்துவ அமைப்புகள் பலவும் எதிர்த்தன. நான்கு மாதம் கழித்து ஒலிம்பிக் தொடக்க விழாவில், டனி பொய்லின் இயக்கத்தில், மருத்துவமனைக் கட்டில்களோடு தாதிகள் நடனமாடினார்கள், உலகமே பார்த்தது. ஓர் ஆண்டுக்குள் சட்டமும் நடனமும் ஞாயிறுத் தொடரும் ஒன்றாக நடந்தேறின. இதில் சதி எதுவும் இருப்பதாக நான் சொல்லவில்லை. தொடரை எழுதியவர்களும் நடனத்தை அமைத்தவர்களும் என்.எச்.எஸ்.ஐ உண்மையிலேயே நேசிப்பவர்கள். ஆனால் நேசத்தை வெளிப்படுத்தப் பழகிய ஒரு நாட்டுக்கு, நேசிக்கும் பொருள் கைவிட்டுப் போவது கண்ணில் படாமல் போகலாம்.

மார்கரெட் தட்சரின் நிதியமைச்சராக இருந்த நைஜல் லோசன், ஆங்கிலேயருக்கு மதம் என்று சொல்லக்கூடியதற்கு மிகக் கிட்டியது என்.எச்.எஸ்.தான் என்று தன் நினைவுக் குறிப்புகளில் எழுதினார். அது பாராட்டு மட்டுமல்ல. மாற்றத்துக்குத் தடையாக நிற்கும் ஒன்றைப் பற்றிய எரிச்சலும் அதில் உண்டு. ஆயினும் அரசியல்வாதிகள் அந்த மதத்தோடு வாழப் பழகிக்கொண்டார்கள். 2016இல் பிரெக்சிட் பிரசாரகர்கள் வாரத்துக்கு 350 மில்லியன் பவுண் என்ற தொகையைச் சிவப்புப் பேருந்தின் பக்கத்தில் எழுதி, என்.எச்.எஸ்.க்குக் கொடுப்போம் என்று ஊர்வலம் விட்டார்கள். மதம் என்றால் அதற்கு விழாவெடுக்கலாம். கோயிலைப் பராமரிக்க யார் காசு கொடுப்பது என்ற பேச்சை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைக்கலாம்.

இந்த வழிபாட்டின் உச்சத்தை 2020இல் பார்த்தோம். மார்ச் 26 வியாழன் இரவு எட்டு மணிக்கு நாடு வாசலுக்கு வந்து கைதட்டியது. பத்து வாரம் தட்டியது. கரண்டியும் சட்டியும் ஒலித்தன. அடுத்த ஆண்டு மார்ச்சில் அதே அரசு என்.எச்.எஸ். ஊழியருக்கு ஒரு வீதச் சம்பள உயர்வைப் பரிந்துரைத்தது. எதிர்ப்புக் கிளம்பிய பிறகு அது மூன்று வீதமாயிற்று. 2021 நவம்பரில் மருத்துவிச்சிகள் நாடெங்கும் தெருவில் கூடி, ஆளில்லாமல் தாங்கள் முறிந்துபோவதைச் சொன்னார்கள். 2022 டிசம்பர் 15இல், 1916இல் தொடங்கப்பட்ட றோயல் கொலிஜ் ஒஃப் நேர்சிங், தன் 106 ஆண்டு வரலாற்றிலேயே மிகப் பெரிய வேலைநிறுத்தத்தில் இறங்கியது.

அந்த நாட்களில் அன்றாடப் பேச்சு எப்படி இரண்டாகப் பிரிந்தது என்பது நினைவிருக்கும். பெரும்பாலானோர் தாதிகளை ஆதரித்தார்கள். கார்கள் ஒலியெழுப்பிக் கடந்தன. ஆனால் இன்னொரு குரலும் இருந்தது. நோயாளியை விட்டுவிட்டு வாசலில் நிற்க மனம் எப்படி வருகிறது? இது தொழில் அல்லவே, தொண்டல்லவா? புகையிரதச் சாரதியின் வேலைநிறுத்தத்தையும் இந்த நாடு திட்டும். பயணம் கெட்டுவிட்டது என்று திட்டும். சாரதிக்கு மனமில்லை என்று திட்டுவதில்லை. தாதியிடம் மட்டும் மனத்தைக் கேட்கிறோம். ஏனெனில் அவள் செய்வதை வேலை என்று நாம் முழுதாக ஏற்கவில்லை. வீட்டில் தாயும் மனைவியும் காசில்லாமல் செய்வதன் நீட்சியாகவே அதைப் பார்க்கிறோம். ‘தேவதை’ என்ற பட்டத்துக்கு இந்தக் கணக்கில்தான் பயன். தேவதைக்கு வீட்டு வாடகை இல்லை.

அன்பு வேண்டாமா என்று கேட்கலாம். பிரசவ அறையில் கிடந்தவர்களுக்குத் தெரியும், ஒரு கை நெற்றியைத் தொடுவது எவ்வளவு பெரிய விடயம் என்று. ஆனால் அந்தக் கை ஓய்ந்திருக்க வேண்டும். ஒரே நேரத்தில் நாலு அறைக்கு ஓடாதிருக்க வேண்டும். 2017இலிருந்து இங்கிலாந்தில் புதிதாகத் தாதியமும் மருத்துவிச்சித் தொழிலும் படிக்கத் தொடங்கியவர்களுக்கு அரசு உதவிப்பணம் நிறுத்தப்பட்டது. கடன் வாங்கிப் படிக்கச் சொன்னார்கள். மூன்றாண்டுப் படிப்பு, இரவு பகலாகப் பயிற்சி, முடிவில் பல்லாயிரம் பவுண் கடன். பொப்லரின் இளம் மருத்துவிச்சிகள் தங்கும் அறையும் மேசையில் உணவும் சகோதரிகளின் துணையும் பெற்று வேலைக்குப் போகிறார்கள். அந்த மூன்றையும் எடுத்துவிட்டு அதே புன்னகையை மட்டும் எதிர்பார்க்கிறது இன்றைய நாடு.

லூசீல் அண்டர்சன் என்ற பாத்திரத்துக்கு வருவோம். ஜமேய்க்காவில் பிறந்த மருத்துவிச்சி. 2018 ஜனவரியில், ஏழாம் பருவத்தில் தொடருக்குள் வந்தாள். கரீபியத் தாதி ஒருத்தி நொனாட்டஸ் இல்லத்தின் முக்கிய பாத்திரமாக ஏழாம் பருவத்தில்தான் வந்தாள். விண்ட்ரஷ் கப்பல் 1948 யூனில் வந்து சேர்ந்தது, என்.எச்.எஸ். அடுத்த மாதமே தொடங்கியது. ஆரம்ப நாட்களிலிருந்தே கரீபியத் தீவுகளிலிருந்து பெண்களைத் திரட்டித்தான் மருத்துவமனைகள் தம் வார்டுகளை நடத்தின. லூசீல் வந்தபின் தொடர் இனவாதத்தைக் காட்டத் தவறவில்லை. அவளைத் தொடவிடாத குடும்பம் உண்டு. பழிசொல்லும் தாய் உண்டு. 1968இன் ஈனொக் பவல் உரை பொப்லரில் கிளப்பும் நஞ்சும் உண்டு. அதன் சுமையால் உடைந்து, லூசீல் ஜமேய்க்காவுக்கே திரும்பிப்போகிறாள்.

நேர்மையான பகுதிகள்தான். இருந்தும் இங்கே இனவாதம் சில மோசமான மனிதர்களின் வாயிலிருந்தே அதிகம் வருகிறது. நிறுவனத்தின் படிவத்திலிருந்து வருவது குறைவு. உண்மையில் கரீபியத்திலிருந்து வந்த பெண்களில் பலர், முழுத் தகுதியுள்ள பதிவுத் தாதிப் பயிற்சிக்குப் பதிலாக இரண்டாந்தரமான ‘சேர்ப்புத் தாதி’ப் பயிற்சிக்குத் தள்ளப்பட்டார்கள். வித்தியாசம் தெரியாமலே கையெழுத்து வைத்தவர்கள் உண்டு. அந்தச் சான்றிதழால் பதவி உயர்வு கிடைக்காது; ஊருக்குத் திரும்பினால் அது செல்லவும் செல்லாது. அவர்களைத் தடுத்து வைக்க வசைச்சொல் தேவைப்படவில்லை, ஒரு படிவம் போதுமாயிருந்தது. ஈனொக் பவலும் தெருவில் கத்திய ஆளல்ல. 1960 முதல் 1963 வரை நாட்டின் சுகாதார அமைச்சராக இருந்தவர். அவருடைய அமைச்சின் கீழிருந்த மருத்துவமனைகள் அந்த ஆண்டுகளிலும் கறுப்பினத் தாதிகளின் உழைப்பில்தான் நடந்தன. உழைப்பு வேண்டும், உழைப்பவள் குடும்பமாக இங்கே வேரூன்றக்கூடாது: இந்த நிலைப்பாடு அவரோடு தொடங்கவுமில்லை, முடியவுமில்லை.

லூசீல் திரையில் வந்த அதே 2018இன் வசந்தத்தில் விண்ட்ரஷ் விவகாரம் வெடித்தது. பல பத்தாண்டுகள் சட்டப்படி வாழ்ந்தவர்களிடம் கடதாசி கேட்டு, வேலையும் வீடும் பறித்து, சிலரை நாடு கடத்தியது உள்துறை அமைச்சு. ஜமேய்க்காவிலிருந்து தாதியாக வந்த ஒரு பெண்ணின் மகன், தாயிடம் பதின்ம வயதில் வந்து சேர்ந்தவர், புற்றுநோய்ச் சிகிச்சைக்கு 54,000 பவுண் கட்டினால்தான் தொடரலாம் என்று மருத்துவமனையால் சொல்லப்பட்ட செய்தி அப்போது வந்தது. ஏப்பிரல் 29இல் உள்துறை அமைச்சர் அம்பர் ரட் பதவி விலகினார். தாய் உழைத்துக் கட்டிய சேவையின் வாசலில் மகனுக்கு விலைப்பட்டியல்.

இன்றைய லூசீல் யார்? அவள் கேரளத்திலிருந்தோ நைஜீரியாவிலிருந்தோ சிம்பாப்வேயிலிருந்தோ வந்து, முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றும் பராமரிப்பாளர். ஆளில்லை என்று 2022 பெப்ரவரியில் அந்த வேலைக்கு விசாக் கதவைத் திறந்தார்கள். 2024 மார்ச் 11 முதல் புதிதாக வரும் பராமரிப்பாளர் தன் பிள்ளைகளையோ துணையையோ கூட்டிவரக்கூடாது என்றார்கள். 2025 யூலையில் வெளிநாட்டிலிருந்து ஆளெடுப்பதையே நிறுத்தினார்கள். முதல் விதி கன்சர்வேற்றிவ் அரசினுடையது, கடைசி விதி லேபர் அரசினுடையது. மற்றவர்களின் தாயைக் குளிப்பாட்ட வரலாம். தன் பிள்ளையைக் குளிப்பாட்டக் கூட்டிவரக்கூடாது. தாய்மையைக் கொண்டாடும் தொடரை வாரந்தோறும் கண்ணீரோடு பார்க்கும் நாடு, தாயையும் பிள்ளையையும் பிரிக்கும் விதியைச் சில நாள் செய்தியாகக் கடந்துபோயிற்று. இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யமுடிகிறது என்பதுதான் நான் இங்கே சொல்லவருவது. அன்பு திரையில் செலவழிந்துவிடுகிறது. சட்டத்துக்கு மிஞ்சுவதில்லை.

தொடரின் முதல் அத்தியாயத்தில் கொன்சிட்டா என்றொரு பெண். ஸ்பானியாவிலிருந்து வந்தவள், ஆங்கிலம் பேசாதவள், இருபத்துநான்கு பிள்ளைகளின் தாய். இருபத்தைந்தாவது குழந்தை குறைமாதத்தில் பிறக்கிறது. மருத்துவமனைக்குக் கொடுக்க மறுத்து நெஞ்சோடு அணைத்து வைத்துக் காப்பாற்றுகிறாள். வந்தேறிப் பெண்ணின் உடலறிவை வைத்தியத்துக்கு நிகராக நிறுத்திய அழகான காட்சி. இன்று கொன்சிட்டா என்ற இடத்தில், விசா முடிந்த ஒருத்தியையோ, புகலிடக் கோரிக்கை மறுக்கப்பட்ட ஒரு தமிழ்ப் பெண்ணையோ வைத்துப் பாருங்கள். கோரிக்கை விசாரணையில் இருக்கும்வரை அவளுக்குச் சிகிச்சை இலவசம். மறுக்கப்பட்டு, அரசின் ஆதரவும் இல்லையென்றால், இங்கிலாந்தில் அவள் ‘கட்டணத்துக்குரிய’ ஆள். ஸ்கொட்லாந்திலும் வேல்சிலும் அவளிடம் கேட்கமாட்டார்கள். மகப்பேற்றுப் பராமரிப்பை மறுக்கக்கூடாது என்று விதி இருக்கிறது. ஆனால் பிறகு விலைப்பட்டியல் வரும், சேவையின் செலவில் ஒன்றரை மடங்காக, ஆயிரக்கணக்கான பவுணாக. 500 பவுணோ அதற்கு மேலோ இரண்டு மாதத்துக்குமேல் கட்டாமல் நின்றால் அந்தத் தகவல் உள்துறை அமைச்சுக்குப் போகலாம். அடுத்த விசா விண்ணப்பத்தைப் பாதிக்கலாம்.

இந்த விதியின் பலன் என்னவென்று யோசிக்கப் பெரிய ஆய்வு தேவையில்லை. பட்டியலுக்குப் பயந்தவள் மருத்துவிச்சியிடம் பிந்திப் போவாள். இரத்த அழுத்தம் பிந்தித்தான் தெரியவரும். வைத்தியருக்குக் காசில்லாமல் வலியைப் பொறுத்த 1915இன் பெண்கள் இருந்த இடத்துக்கே அவளும் வந்துசேர்கிறாள்.

கடதாசி சரியாக உள்ள பெண்களுக்கும் கணக்கு ஒன்றல்ல. பிரித்தானியாவின் தாய்மார் இறப்புகளை ஆராயும் குழுவின் 2023 அறிக்கைப்படி, கறுப்பினப் பெண்கள் மகப்பேற்றோடு தொடர்பான காலத்தில் இறக்கும் வீதம் வெள்ளையினப் பெண்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆசியப் பெண்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அந்த ஆசியப் பெண்களில் நாமும் அடங்குவோம். 2022 மார்ச்சில் வெளியான டொனா ஒக்கென்டனின் அறிக்கை, ஷ்ரூஸ்பரி, டெல்ஃபோர்ட் மருத்துவமனைகளில் இருபதாண்டுகளில் நடந்ததை ஆராய்ந்து, பராமரிப்பு ஒழுங்காக இருந்திருந்தால் 201 குழந்தைகள் உயிர்பிழைத்திருக்கக்கூடும் என்றது. ஆள் பற்றாக்குறை, பிழைகளிலிருந்து பாடம் கற்காமை, அறுவைச் சிகிச்சையைத் தவிர்க்கும் மனப்பாங்கு ஆகியவற்றோடு, தாய்மார் சொன்னதைக் கேட்காமையும் அந்த அறிக்கையில் திரும்பத் திரும்ப வருகிறது. நடந்ததற்குத் தாயையே குற்றஞ்சாட்டிய சந்தர்ப்பங்களும் இருந்தன. அந்த விசாரணையே துக்கத்திலிருந்த பெற்றோர் விடாது கேட்டதால்தான் வந்தது.

நொனாட்டஸ் இல்லத்து மருத்துவிச்சி எப்போதும் கேட்பாள். அவளுக்குக் கேட்க நேரமிருக்கிறது. ஓர் அத்தியாயத்தில் அவள் கவனிக்கவேண்டிய தாய்மார் இரண்டு மூன்று பேர்தான். தொடரின் மிகப்பெரிய கற்பனை இந்த நேரம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆடைகளையும் தெருக்களையும் அந்தக் காலத்துக்கு ஏற்ப நுணுக்கமாக அமைத்தார்கள். நேரத்தை மட்டும் தாராளமாக அள்ளிக்கொடுத்தார்கள். ஏக்கத்தோடு பார்ப்பவர் உண்மையில் ஏங்குவது அந்த நேரத்துக்காகத்தான். அதை அன்பு என்று பெயர் மாற்றி வாசித்துவிடுகிறார். அன்பைக் கேட்டு ஓர் அரசிடம் மனுக் கொடுக்கமுடியாது. நேரத்தைக் கேட்கலாம். ஒரு மருத்துவிச்சிக்கு எத்தனை தாய்மார், இரவுப் பணியில் எத்தனை பேர், மொழிபெயர்ப்பாளர் உண்டா என்று எண்ணிக் கேட்கலாம். கொன்சிட்டாவின் மொழியை அங்கே யாரும் பேசாதது ஓர் அத்தியாயத்தில் கவித்துவமாக இருந்தது. இன்றைய பிரசவ அறையில் அது உயிராபத்து. ‘வலி ஒரு மாதிரி வித்தியாசமாய்க் கிடக்கு’ என்று தமிழில் சொல்பவளுக்கு அவளுடைய கணவனோ பத்து வயது மகளோ மொழிபெயர்ப்பாளராகக்கூடாது.

ஆகவே இத்தொடரைப் பார்க்காதீர்கள் என்று நான் சொல்லமாட்டேன். நம் வீட்டுப் பெண்பிள்ளைகளோடு இருந்து பாருங்கள். நோராவின் அத்தியாயத்தைக் கட்டாயம் பாருங்கள். கருக்கலைப்பு உரிமையைப் பற்றித் தமிழ் வீடுகளில் பேச்சைத் தொடங்க அது உதவும். லூசீலைப் பார்க்கும்போது, அவள் கையில் எந்தச் சான்றிதழைக் கொடுத்திருப்பார்கள் என்று கேளுங்கள். கடைசியில் அந்தக் குரல் அன்பைப் பற்றிப் பேசும்போது, இந்த அத்தியாயத்தில் யாருடைய சம்பளத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது வந்ததா என்று எண்ணிப்பாருங்கள்.

முடிந்தால் 1915இன் அந்தக் கடிதங்களையும் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். ஹெய்டி தோமஸின் தாய்மார் நன்றி சொல்கிறார்கள்; குழந்தையைக் கையில் வாங்கும் ஒவ்வொரு முகத்திலும் நன்றி ஒளிர்கிறது. கடிதம் எழுதிய தாய்மார் நன்றி சொல்வதோடு நிற்கவில்லை. தங்களுக்கு என்ன தரப்படவில்லை என்று வரிசைப்படுத்தினார்கள். பிறகு கழகத்தில் கூடி, தீர்மானம் போட்டு, அமைச்சர்களிடம் போனார்கள். அடுத்த முறை யாராவது அந்தக் காலத்து நேர்ஸ்மாரைப் பற்றிக் கேட்டால், அந்தக் காலத்துத் தாய்மாரைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது.